அச்சாரம் கொடுத்த ஊருக்கு ஆட்டம்: சென்னை ஓபன் வந்த கதையும் போன கதையும்

ஜனவரி முதல் வாரத்தில் வேலூர் பஸ் நிலையம் எப்போதும் நிரம்பி வழியும். மேல்மருவத்தூர் போகும் செவ்வாடை ஒரு பக்கம், சபரிமலைக்கு மாலை போட்ட கறுப்பு வேட்டி ஒரு பக்கம். நடுவே தண்ணீர் பாட்டிலும் புளிசாதப் பொட்டலமுமாகச் சென்னை பஸ்ஸைத் தேடிக்கொண்டு நானும் பெரியப்பாவும் நிற்போம். எங்கள் யாத்திரை நுங்கம்பாக்கத்துக்கு, ஆண்களுக்கான சென்னை ஓபன் டென்னிஸ் போட்டி பார்க்க. சுமார் 140 கிலோமீட்டர். ஆற்காடு, வாலாஜா, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் என்று மூன்று மணி நேரம் குலுங்கிப் போய், மாலை ஆட்டத்துக்கு உட்கார்ந்துவிடுவோம். திரும்பும்போதுதான் சிக்கல். சென்னையிலிருந்து வேலூருக்கு இரவு முழுக்க பஸ் உண்டு. வேலூரிலிருந்து அணைக்கட்டுப் பக்கம் போக அந்த நேரத்தில் டவுன் பஸ் கிடையாது. முதல் வண்டி வரும்வரை பெஞ்சில் தூக்கம். கூத்து பார்த்துவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம்தான் என்பதால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியப்பா கலெக்டர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். அதிகாரிகள் கிளப்பில் சாயங்காலம் நாலாவது ஆள் வராவிட்டால் இவரைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் டென்னிஸ். மாவட்டத் தலைநகரங்களில் இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழியே அதுதான்: வெள்ளைக்கார கலெக்டர், ஜட்ஜ், மிஷன் டாக்டர், அவர்களுக்கு ஒரு மண் கோர்ட். ராணிப்பேட்டையில் பிறந்து வேலூரில் சிஎம்சி மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் வயதான பிறகும் டென்னிஸை விடாமல் ஆடியவர். தமிழ்நாட்டில் சில இடங்களில் மண்ணைக் கெட்டித்து, சாணம் கரைத்து மெழுகிய கோர்ட்டுகளும் இருந்தன. அந்தத் தரையில் பந்து மெதுவாகத்தான் எழும்பும். அதில் ஆடிப் பழகியவர் நுங்கம்பாக்கத்தின் கடினத் தரையில் பந்து சீறுவதை முதல் முறை பார்த்தபோது, "இது வேற ஆட்டம்டா" என்றார்.

அந்த ஆட்டம் இப்போது இல்லை. 2017 ஜனவரி 8-ம் தேதி கடைசி இறுதிச்சுற்று நடந்தது. அதே ஆண்டு ஜூலையில், போட்டி இனி புனேயில் என்று அறிவிப்பு வந்தது. "நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று அன்றைக்குப் பலரும் கொதித்தார்கள். நானும் கொதித்தேன். பிறகு அந்தப் போட்டியின் பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்தபோது கோபம் கொஞ்சம் தணிந்தது. பறிப்பதற்கு அது நம் பொருளாக இருந்ததே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கூத்து ஜமா, அதாவது தெருக்கூத்துக் குழு, எப்படி இயங்குகிறது என்று நமக்குத் தெரியும். ஜமா வாத்தியாருடையது. வேஷக்காரர்கள், மத்தளம், முகவீணை, கிரீடப் பெட்டி எல்லாம் ஜமாவோடு வரும். ஊர் கொடுப்பது களம், சாப்பாடு, கூட்டம், அச்சாரம். பத்து வருஷம் தொடர்ந்து ஒரே ஜமா வந்தால் ஊருக்கு அது "நம்ம ஜமா" ஆகிவிடும். அடுத்த வருஷம் பக்கத்து ஊர் அதிகமாக அச்சாரம் கொடுத்தால் ஜமா அங்கே போய் வேஷம் கட்டும். அதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

உலக டென்னிஸும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி, 1990 முதல் ஆண்டு முழுவதற்குமான ஆட்டக் காலண்டரை வகுக்கிறது. அந்தக் காலண்டரில் ஒவ்வொரு வாரத்துக்கும் இத்தனை போட்டிகள்தான் என்று அளவு உண்டு. ஒரு போட்டியை நடத்தும் அனுமதி ஒரு சொத்து மாதிரி. அதை ஒரு நிறுவனமோ சங்கமோ வைத்திருக்கும், விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம், ஏடிபி ஒப்புக்கொண்டால் வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டும் போகலாம். சென்னை ஓபனின் அனுமதி கடைசிக் காலத்தில் ஐஎம்ஜி ரிலையன்ஸ் என்ற விளையாட்டு வணிக நிறுவனத்தின் கையில் இருந்தது. தமிழ்நாடு டென்னிஸ் சங்கம் அதனுடன் ஒப்பந்தம் போட்டுச் சென்னையில் நடத்திக்கொடுத்தது. ஆட்டம் நடந்த நுங்கம்பாக்கம் அரங்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. ஜமா ஒருவருடையது, களம் இன்னொருவருடையது, நடத்திக்கொடுப்பவர் மூன்றாவது ஆள்.

இன்னொன்றும் நமக்கு வசதியாக மறந்துபோனது. இந்த ஜமா சென்னையில் பிறந்ததே இல்லை. 1996-ல் டெல்லியில் தொடங்கியது. அந்த முதல் ஆண்டு ஸ்வீடனின் தாமஸ் என்க்விஸ்ட், ஜிம்பாப்வேயின் பைரன் பிளாக்கை வென்றார். அடுத்த வருஷமே போட்டி சென்னைக்கு வந்துவிட்டது. டெல்லிக்காரர்கள் அப்போது "பறித்துக்கொண்டார்கள்" என்று கத்தினார்களா என்று நாம் யாரும் விசாரிக்கவில்லை. அதற்கும் முன்னால், 1970-களில் இந்தியாவில் நடந்த கிராண்ட் பிரீ டென்னிஸ் போட்டியும் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று ஊர் ஊராகத்தான் சுற்றியது. 1973-ல் டெல்லியில் அதை வென்றவர் விஜய் அமிர்தராஜ்.

சென்னைக்கு வர இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, ஊரின் பழக்கம். 1960, 1961 என்று அடுத்தடுத்து விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன், 1973-லும் 1981-லும் காலிறுதி கண்ட விஜய், 1986-ல் காலிறுதி கண்ட ரமேஷ் கிருஷ்ணன் என்று டென்னிஸ் பார்க்கத் தெரிந்த ஊர் அது. இரண்டாவது காரணம் கான்கிரீட். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தபோது, அதற்காக நுங்கம்பாக்கத்தில் புது டென்னிஸ் அரங்கம் எழும்பியது. சுமார் 5,800 பேர் உட்காரலாம். வள்ளுவர் கோட்டத்துக்குப் பக்கம், ஒரு காலத்தில் ஏரியாக இருந்த பகுதி. இன்றும் அதற்கு லேக் ஏரியா என்றுதான் பெயர். ஏரியைத் தூர்த்து ஊர் கட்டும் கதை வேறு, அதைத் தொட்டால் இந்தக் கட்டுரை முடியாது. ஒரு பெரிய விழாவுக்காகக் கட்டிய அரங்கம் விழா முடிந்ததும் காலியாக நிற்குமே, அதை நிரப்ப ஒரு ஜமா தேவைப்பட்டது. 1997 ஏப்ரலில் வந்தது.

ஏப்ரல்! சென்னை வெயிலில், கடினத் தரையில், ஐரோப்பியர்களை ஓட விட்டார்கள். வேலூர் வெயில் தின்று வளர்ந்த எங்களுக்கே அந்தக் கடல் புழுக்கம் தாங்காது. முதல் ஆண்டு ஸ்வீடனின் மிகேல் டில்ஸ்ட்ரோம் வென்றார். 1998-ல் அவரை இறுதியில் வீழ்த்தியவர் அப்போதைய அமெரிக்க ஓபன் சாம்பியன் பேட்ரிக் ராஃப்டர். 1999-ல், டெல்லியில் தோற்ற அதே பைரன் பிளாக் பட்டத்தைப் பிடித்தார். 2000 முதல் போட்டி ஜனவரிக்கு மாறியது. இசை சீசன் முடிந்து பொங்கல் வருவதற்குள் ஒரு வாரம் டென்னிஸ் என்று சென்னையின் மார்கழிக் காலண்டரில் அது கச்சிதமாக உட்கார்ந்தது. புத்தகக் கண்காட்சியும் அதை ஒட்டியே வரும். எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள் ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டையும் முடித்துக்கொள்வோம்.

தேதி மாறியதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் சேர்ந்தே வந்தன. ஆஸ்திரேலிய ஓபனுக்கு இரண்டு வாரம் முன்பு கை சூடாக்க ஓர் இடம் என்பதால் நல்ல ஆட்டக்காரர்கள் வர ஒரு காரணம் கிடைத்தது. அதே வாரத்தில் கத்தாரின் தோஹாவிலும், ஆஸ்திரேலியாவிலேயே அடிலெய்டிலும் (2009 முதல் பிரிஸ்பேன்) போட்டிகள் நடந்தன. ஆஸ்திரேலியாவில் ஆடப் போகிறவன் ஆஸ்திரேலியாவிலேயே தயாராவது இயல்பு. தோஹாவில் பணம் கொட்டியது. கடைசி ஆண்டுகளில் அங்கே பரிசுத்தொகை சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரோஜர் ஃபெடரர் 2005, 2006, 2011 ஆண்டுகளில் தோஹாவில் பட்டம் வென்றார். சென்னைப் போட்டியில் அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை.

பரிசுத்தொகை வெளியே தெரியும் கணக்கு. இந்த அளவுப் போட்டிகளில் வருகைக் கட்டணம் என்று ஒன்று உண்டு. முதல் சுற்றிலேயே தோற்றாலும் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும் என்று பெரிய ஆட்டக்காரர்களுக்குக் கொடுப்பது. கூத்தில் பேர்போன கட்டியக்காரனுக்குத் தனியாகக் கொடுப்பதைப் போல. அதுபோக ஹோட்டல், விமானம், நடுவர்கள், ஒளிபரப்பு, ஏடிபிக்குக் கட்டணம். வரவு என்று பார்த்தால் 5,800 நாற்காலி டிக்கெட் எங்கே காணும்? ஆகவே எல்லாமே பெயர் போடும் விளம்பரதாரர் தலையில்தான்.

அந்த விளம்பரதாரர்களை வரிசையாக அடுக்கினால் இந்தியப் பொருளாதாரத்தின் கதையே வந்துவிடும். முதலில் கோல்டு ஃபிளேக் ஓபன். ஆம், சிகரெட். உடல் வலுவின் உச்சத்தைப் பார்க்க வந்த கூட்டத்தைச் சுற்றி சிகரெட் பெயர் எழுதிய தட்டிகள். 2001-ல் புகையிலை விளம்பரங்களைத் தடுக்கும் மசோதா வந்தபோது, கோல்டு ஃபிளேக் தயாரிக்கும் ஐடிசி விளையாட்டு விளம்பரங்களிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. சட்டம் 2003-ல் நிறைவேறியது. அடுத்து டாடா ஓபன், மூன்று ஆண்டுகள். பிறகு கொஞ்ச காலம் வெறும் சென்னை ஓபன். 2010 முதல் ஏர்செல் சென்னை ஓபன். 1999-ல் தமிழ்நாட்டில் தொடங்கி எங்கள் ஊர்ப் பெட்டிக்கடை வரை சிம் கார்டு விற்ற கம்பெனி. 2018 பிப்ரவரியில் அதுவும் திவால் மனு கொடுத்தது. போட்டி ஊரை விட்டுப் போனது ஜூலையில், பெயர் கொடுத்த கம்பெனி விழுந்தது அடுத்த பிப்ரவரியில். தொலைத்தொடர்பில் விலைப்போர் மூண்டு சின்ன கம்பெனிகள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஒரு தோளின் மேல் ஏறி உட்கார்ந்த பல்லக்கு எவ்வளவு தூரம் போகும்?

பெயர் மாறுவதைப் பற்றி நாங்கள் கேலி பேச முடியாது. பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தபோது அது வட ஆற்காடு மாவட்டம். 1989-ல் இரண்டாகப் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பிறகு வேலூர் மாவட்டம். 2019-ல் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போய்விட்டன. ஒரே மேஜையில் உட்கார்ந்து மூன்று பெயர்ப் பலகை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் அவர்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். 21 ஆண்டுகளில் ஓர் இந்தியர்கூட ஒற்றையர் பட்டம் வென்றதில்லை. இருந்தும் அரங்கம் நிறைந்தது என்றால் அதற்குப் பாதிக் காரணம் இரட்டையர் ஆட்டம். லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் சேர்ந்து வென்ற முதல் ஏடிபி பட்டம் 1997-ல் சென்னையில்தான். 1998, 1999, 2002, கடைசியாக 2011 என்று மொத்தம் ஐந்து முறை. 1999-ல் சென்னையில் வென்ற கையோடு பிரெஞ்சு ஓபனும் விம்பிள்டனும் வென்றார்கள். மற்ற நாடுகளில் இரட்டையர் ஆட்டம் மெயின் படத்துக்கு முன் போடும் நியூஸ் ரீல் மாதிரி. சென்னையில் அதுவே மெயின் படம். கிளப் ஆட்டம் என்றாலே இரட்டையர்தான் என்று வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் நன்றாகப் புரியும். நாலு பேர் இருந்தால்தானே ஒரு கோர்ட் வாடகை கட்டுப்படியாகும்! பெரியப்பா ஒற்றையர் ஆட்டத்தின்போது புளிசாதத்தைப் பிரிப்பார், இரட்டையர் ஆட்டத்தில் பிரிக்க மாட்டார்.

வெளிநாட்டவரில் இந்த ஊர் தத்தெடுத்துக்கொண்டவர் ஸ்பெயினின் கார்லோஸ் மோயா. 2004-லும் 2005-லும் பட்டம், 2006-ல் இறுதி. அந்த 2005 போட்டி, சுனாமி கடற்கரையைத் துடைத்துப் போட்ட ஒரு வாரத்தில் தொடங்கியது. விளையாட்டு நடத்துவதா என்றே மனசு கேட்காத நாட்கள். மோயா தன் பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு சென்னையில் அவர் எதிரில் யார் நின்றாலும் கூட்டம் மோயா பக்கம். 2002 முதல் தொடர்ந்து நான்கு முறை இறுதிக்கு வந்து ஒரே ஒரு முறை, 2003-ல், பட்டம் வென்ற தாய்லாந்தின் பராடார்ன் ஸ்ரீசாபனுக்கும் ஒரு தனிக் கைதட்டல் உண்டு. ஆசியக்காரன் என்ற பாசம்.

2008 அரையிறுதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒரு பக்கம் மோயா. எதிரே அவருடைய ஊரான மயோர்க்காவிலிருந்தே வந்த ரஃபேல் நடால், மோயாவைப் பார்த்து வளர்ந்த பையன். 2004-ல் டாமி ரொப்ரெடோவுடன் இதே ஊரில் இரட்டையர் பட்டம் வென்றபோது நடாலுக்கு வயது 17. இப்போது உலகின் இரண்டாம் நிலை வீரர். மூன்று செட்டும் 6–6 என்று சமமாகி, முடிவு செய்ய ஆடும் டைபிரேக்குக்குப் போனது. முதலாவது மோயாவுக்கு, மற்ற இரண்டும் நடாலுக்கு. ஏறக்குறைய நான்கு மணி நேரம். குருவும் சீடனும் மோதும் ஆட்டம் என்றால் நம் ஜனங்களுக்குச் சொல்லவா வேண்டும், அர்ஜுனன் தபசு பார்ப்பதுபோல் இருக்கையை விட்டு அசையவில்லை. மறுநாள் இறுதியில் நடாலுக்குக் கால் நகரவே இல்லை. ரஷ்யாவின் மிகைல் யூஷ்னி 6–0, 6–1 என்று சுருட்டிவிட்டார். தான் ஜெயிக்கவில்லை, நடால்தான் தோற்றார் என்ற பொருளில் யூஷ்னியே பேசினார். காசு கொடுத்து இறுதிச்சுற்றுக்கு மட்டும் வந்தவர்கள் பாவம். நாங்கள் அரையிறுதிக்குப் போயிருந்தோம். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறோம்.

அடுத்த ஆண்டு நடந்ததுதான், இப்படி ஒரு போட்டி நம் ஊரில் இருப்பதால் என்ன பயன் என்ற கேள்விக்கு நேரடியான பதில். உலகத் தரவரிசையில் பின்னால் இருப்பவன் பெரிய போட்டியில் நேராக நுழைய முடியாது. தகுதிச் சுற்று ஆட வேண்டும், அதற்கே தரவரிசை பார்ப்பார்கள். ஆனால் நடத்தும் ஊருக்கு ஒரு சலுகை உண்டு. மூன்று பேரை வைல்டு கார்டு என்ற பெயரில் நேரடியாக உள்ளே விடலாம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் இரண்டு முறை சாம்பியனாகிவிட்டு வந்திருந்த சோம்தேவ் தேவ்வர்மனுக்கு 2009-ல் அது கிடைத்தது. அவர் மோயாவைத் தோற்கடித்தார். இரண்டு மாடி உயரத்திலிருந்து செர்வ் போடுகிற மாதிரி இருக்கும் இவோ கார்லோவிச்சைத் தோற்கடித்தார். அரையிறுதியில் ஜெர்மனியின் ரெய்னர் ஷூட்லர் காயத்தால் விலக, இறுதிக்கே போய்விட்டார். அங்கே மரின் சிலிச்சிடம் 4–6, 6–7 என்று தோற்றார். ஐந்து வருடம் கழித்து அமெரிக்க ஓபனை வெல்லப் போகிற சிலிச். சென்னையில் ஒற்றையர் இறுதி ஆடிய ஒரே இந்தியர் சோம்தேவ்தான்.

ஒரு நல்ல வாரம் ஓர் ஆட்டக்காரனுக்கு என்ன செய்யும் என்று கணக்குப் பார்த்தால் புரியும். சென்னை ஓபன் மாதிரியான போட்டிகளுக்கு 250 வகைப் போட்டி என்று பெயர் வந்ததே, வென்றவருக்கு 250 தரவரிசைப் புள்ளிகள் என்பதால். அந்தக் காலக் கணக்கில் இறுதியில் தோற்றால் 150, அரையிறுதிக்கு 90. அடிமட்டப் போட்டிகளில் பத்தும் இருபதுமாகப் புள்ளி பொறுக்குகிறவனுக்கு இது ஒரு வருட உழைப்பு. அதை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே ஏழு நாளில் சம்பாதிக்கலாம். 2016-ல் சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன் காலிறுதி வரை போனார். கடைசி ஆண்டான 2017-ல் இன்னொரு சென்னைக்காரர் ஜீவன் நெடுஞ்செழியன், ரோஹன் போபண்ணாவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றார். எதிரே நின்றவர்களும் இந்தியர்கள்தான், புரவ் ராஜாவும் திவிஜ் சரணும். வெளிநாட்டில் இப்படி ஓர் இறுதிச்சுற்று நடக்குமா?

வெளிநாட்டுப் பக்கம் பார்த்தால், சென்னை ஒரு தங்குமடம் மாதிரி. நாளைக்குப் பெரிய ஆளாகப் போகிறவன் இன்றைக்கு இங்கே ராத்தங்கிப் போவான். 2012-ல் கனடாவின் மிலோஸ் ராவ்னிச் அந்த வாரம் முழுவதும் தான் செர்வ் போட்ட ஒரு கேமைக்கூட இழக்காமல் பட்டம் வென்றார், இறுதியில் மூன்று செட்டும் டைபிரேக். சுவிட்சர்லாந்தின் ஸ்டான் வாவ்ரிங்கா 2011, 2014, 2015, 2016 என்று நான்கு முறை வென்றார். அவரைவிட அதிகம் வென்றவர் கிடையாது. 2014-ல் இங்கிருந்து போய் நேராக ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றார். 2017-ன் கடைசி இறுதியில் ஸ்பெயினின் பவுடிஸ்டா அகுட்டிடம் தோற்ற ஒல்லியான ரஷ்யப் பையன் டேனியல் மெத்வதேவுக்கு அதுதான் முதல் ஏடிபி இறுதிச்சுற்று. பின்னாளில் உலகின் முதல் நிலைக்குப் போனார். நவம்பரில் நோட்டு செல்லாமல் போய், டிசம்பரில் முதல்வர் மறைந்து, ஒரே வாரத்தில் வர்தா புயலும் அடித்து ஓய்ந்திருந்த சென்னை அது. அடுத்த ஜனவரியில் இங்கே ஆட்டம் இருக்காது என்று அரங்கில் இருந்த எங்களுக்குத் தெரியாது.

பிறகு ஒப்பந்தக் காலம் முடிந்தது, மகாராஷ்டிரம் அச்சாரம் கொடுத்தது, போட்டி புனே பாலேவாடிக்குப் போனது. மகாராஷ்டிரா ஓபன் என்று பெயர். தமிழ்நாடு இன்னும் முயன்றிருக்கலாமா என்றால், முயன்றிருக்கலாம். ஆனால் இதைச் சென்னைக்கு மட்டும் நேர்ந்த அநியாயமாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1970-களிலிருந்து நடந்த போட்டியும் இதே 2017-ல்தான் நின்றது. அந்த அனுமதி நியூயார்க்குக்குப் போனது, 2020-க்குப் பிறகு அங்கும் நிற்காமல் 2022-ல் டல்லாஸ் போய்ச் சேர்ந்தது. ஏடிபியே பெரிய போட்டிகளை ஒரு வாரத்திலிருந்து பன்னிரண்டு நாட்களாக நீட்டிக்கொண்டு போகிறது. காலண்டரில் அந்த இடம் எங்கிருந்து வரும்? சின்னப் போட்டிகளிடமிருந்துதான். 250 வகைப் போட்டி நடத்துவது இனி இன்னும் கஷ்டம்.

புனேயிலும் அது வேர் பிடிக்கவில்லை. 2018-ல் ஜில் சிமோன், 2019-ல் கெவின் ஆண்டர்சன் வென்றார்கள். 2020-ல் பிப்ரவரிக்கு மாறியது. 2021-ல் கொரோனா காலத்தில் நடக்கவில்லை. 2022, 2023 நடந்தது. மொத்தம் ஐந்து முறை. சென்னை 21 முறை பார்த்ததில் கால்வாசிகூட இல்லை. 2024 ஜனவரியில் காலண்டரில் அந்த இடத்தில் ஹாங்காங் இருந்தது. இந்தியாவில் ஏடிபியின் முதன்மைச் சுற்றுப் போட்டி அதோடு இல்லாமல் போனது.

நுங்கம்பாக்கம் அரங்கம் முழுக்கத் தூங்கிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டிகள் நடக்கின்றன. 2024-ல் அதில் ஒன்றை வென்றுதான் சுமித் நாகல் முதல் நூறு பேருக்குள் நுழைந்தார். 2022 செப்டம்பரில் சென்னை ஓபன் என்ற பெயரிலேயே பெண்களுக்கான 250 போட்டி நடந்தது, செக் நாட்டின் லிண்டா ஃபுருவிர்டோவா வென்றார். 2025-ல் அது மறுபடி வந்தது, இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென் வென்றார். என்னைக் கேட்டால் நம் பையன்களுக்கு உடனடியாக வேண்டியது சேலஞ்சரும் அதற்குக் கீழே உள்ள போட்டிகளும்தான். மேல்படியில் மூன்று வைல்டு கார்டு. கீழ்ப்படிகள் நம் ஊர்களில் இருந்தால் முப்பது பேர் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வரலாம், விமான டிக்கெட்டுக்கு அப்பா நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம். ஆனால் பார்க்கிறவனுக்கு? பார்க்கிறவனுக்கு நடாலும் மோயாவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு பசி.

2024 ஜனவரியில் ஒரு மாலை, ஹாங்காங் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. விக்டோரியா பூங்கா அரங்கம், பின்னால் உயரமான கட்டடங்கள், ரஷ்யாவின் ஆண்ட்ரே ரூப்லெவ் ஆடிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவர்தான் பட்டம் வென்றார். பெரியப்பாவுக்கு இப்போது கண் சரியில்லை, டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார். எங்கே நடக்கிறது என்று கேட்டார். "ஹாங்காங் பெரியப்பா. முன்னாடி நம்ம சென்னையில நடந்துச்சே, அந்த வாரம்தான் இது" என்றேன். ஒரு கேம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ராத்திரி ஆட்டம் முடிஞ்சா ஜனங்க வீட்டுக்குப் போக அங்க பஸ் இருக்குமாடா?"